மரவட்டைக்குப் பொருத்தம் பார்த்தவர்

திருவண்ணாமலை வட ஒத்தவாடைத் தெருவில், எழுபதுகளில், சோமசேகரன் வீடு எது என்று கேட்டால் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். மரவட்டைக் குருக்கள் வீடு எது என்று கேட்டால் யோசிக்காமல் ஒரே வீட்டைக் காட்டுவார்கள். இந்தப் பட்டத்தில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. மரவட்டை என்ற பாதியைப் பற்றி அல்ல, அது உண்மை. குருக்கள் என்ற பாதிதான் அப்போது முழு உண்மையாக இல்லை.

பிறந்தது குருக்கள் வீட்டில். ஆகமம் படித்தாயிற்று, தீட்சை வாங்கியாயிற்று, மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகாது. ஆனால் கல்யாணம் ஆகாதவர் கருவறைக்குள் சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. உலகத்தை விட்டவர்கள் எல்லாம் தேடி வந்து குகை குகையாக உட்கார்ந்துகொள்கிற ஊர் இது. இதே ஊரில் சுவாமியைத் தொட வேண்டுமானால் முதலில் சம்சாரி ஆக வேண்டும். இந்த இரண்டும் ஒரே மலையடியில் இருப்பதில் யாருக்கும் எந்தச் சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை, சோமசேகரனைத் தவிர.

அப்பா காலமானபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. அப்பாவுக்கு வர வேண்டிய பூஜை முறையை, பையனுக்குக் கல்யாணம் ஆகும்வரை என்று சொல்லிச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். சித்தப்பா தங்கமான மனிதர். அதனாலேயே முறை வரும் நாளெல்லாம் கோயிலுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, வரன் ஏதாவது திகைந்ததா என்று உரத்த குரலில் விசாரித்துவிட்டுத்தான் போவார். சோமசேகரனின் அம்மா வடிவாம்பாள் கொல்லைப்புறத்திலிருந்து வந்து பதில் சொல்வதற்குள் தெருவே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும். மகனுக்கு மிச்சம் இருந்த வேலை தண்ணீர் கொண்டுவருவது, பூ ஆய்வது, பிராகாரத்தில் ஒரு சின்னச் சந்நிதியில் நின்று வருகிறவர்களுக்கு விபூதி கொடுப்பது. வெயில் ஏறினால் அதுவும் இருக்காது.

இந்தச் சும்மா இருந்த காலத்தில்தான் மரவட்டை வந்து சேர்ந்தது.

ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள் காலையில் சோமசேகரன் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நாளில் மலை சுற்றுகிறவர்கள் குறைவு. சுற்றுகிறவர்களும் வெறுங்காலோடு, பார்வையை உச்சியில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். பக்தி மேலே இருக்கும்போது பாதம் எதன்மேல் படுகிறது என்று யார் பார்ப்பது? அடி அண்ணாமலை தாண்டியதும் பாதை நெடுகக் கறுப்பு மரவட்டைகள், சுண்டுவிரல் தடிமனில், அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் போனவர்கள் மிதித்தது போக மிச்சம் இருந்தவை. சோமசேகரன் ஒன்றைத் தாண்டினார், இன்னொன்றைத் தாண்டினார், பிறகு குனிந்து அடுத்ததை எடுத்துப் பூக்குடலையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் அவரால் விளக்க முடிந்ததில்லை.

குடலைக்குள் எட்டிப் பார்த்த வடிவாம்பாள் முதலில் சத்தம் போட்டார். பிறகு, தெருவில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் சீட்டாடுவதையும் மதியக் காட்சிக்குப் போவதையும் நினைத்துப் பார்த்து, ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் நிபந்தனை குட்டி போட்டுவிட்டது. சமையலறைப் பக்கம் வரக் கூடாது, தொட்டால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், மருமகள் வந்து வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கே எல்லாம் மலைக்குத் திரும்ப வேண்டும்.

பெட்டி, தேரடிப் பக்கம் மூடிப்போன ஒரு மிட்டாய்க் கடையிலிருந்து வந்தது. மரச்சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி மூடி. லட்டும் ஜாங்கிரியும் இருந்த இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணும் மட்கிய இலையும் போட்டார். மட்கிய இலையைக் கொண்டுவந்து கொடுத்தவன் தருமன். அடி அண்ணாமலையில் மணிலாக்கொட்டையும் கேழ்வரகும் போடுகிற குடியானவன், சோமசேகரனுக்குச் சின்ன வயதிலிருந்து சிநேகிதன். அவனுக்கு மரவட்டையில் ஈடுபாடு கிடையாது. சோமசேகரன் எதிலாவது ஈடுபட்டிருப்பதைப் பார்ப்பதில்தான் ஈடுபாடு.

ஒன்று இருந்த இடத்தில் பத்து ஆகத்தானே மனித மனம் ஆசைப்படும். வெவ்வேறு ரகத்து மரவட்டைகளை ஒரே பெட்டியில் குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்று சோமசேகரனுக்குத் தோன்றிவிட்டது. பெட்டிக்கு எல்லை உண்டு, ஆசைக்கு இல்லை. ஆகவே யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதே அடுத்த சில வருஷங்களுக்கு அவருடைய கவலை ஆயிற்று. தன் பிள்ளைக்கு யாரைச் சேர்ப்பது என்று அதே வருஷங்களில் அம்மா ஜாதகக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரே கூடத்தில் இரண்டு பொருத்தமும் நடந்தது. அம்மாவுக்கு ஒன்றும் திகையவில்லை. மகனுக்குத் திகைந்ததெல்லாம் செத்துப்போயிற்று.

முதல் தவறு தருமன் செய்தது. கொட்டாங்கச்சியில் மூடி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியில் கவிழ்த்தான். அது பூரான். காலையில் பார்த்தால் மரவட்டைக் குஞ்சுகளில் பாதியைக் காணவில்லை. கால் நிறைய இருந்ததால் உங்கள் ஆள் என்று நினைத்தேன் என்றான் தருமன். சோமசேகரன் பொறுமையாக விளக்கினார்: மரவட்டைக்கு ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ஜோடிக் கால், பூரானுக்கு ஒரு ஜோடிதான், மரவட்டை சருகு தின்னும், பூரான் மரவட்டையைத் தின்னும்.

"அப்ப காலு கம்மி, கோவம் ஜாஸ்தின்னு சொல்லுங்க ஐயரே" என்றான் தருமன். அதற்குமேல் திருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது தவறு சோமசேகரனுடையது. ஜவ்வாது மலையிலிருந்து விறகோடு வந்த உருண்டை ரகம். தொட்டால் நெல்லிக்காய் மாதிரி சுருண்டுகொள்ளும், அழகென்றால் அப்படி ஓர் அழகு. பெட்டியில் யாரோடும் அது சண்டை போடவில்லை. சாப்பிடவும் இல்லை. மலைக் குளிரும் அந்த மலை மண்ணும் இல்லாமல் ஒவ்வொன்றாக உயிரை விட்டது. மிச்சம் இருந்தவற்றை ஈர மண்ணோடு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, போளூர் வழியாகப் பஸ் மாறி, மலையேறிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். போளூரில் ஒரு பெண் இருக்கிறது, வந்து பார் என்று நாலு மாதமாகச் சொல்லியும் பஸ் ஏறாத பிள்ளை, பூச்சியை அதன் பிறந்த வீட்டில் விட்டுவர அதே போளூர் பஸ்ஸில் ஏறியதை வடிவாம்பாள் ரொம்ப நாள் மறக்கவில்லை.

மூன்றாவது ரகம் தட்டையானது. ஓரத்தில் மஞ்சள் புள்ளி வைத்தது. பெட்டிக்குள் விட்டு மூடியைச் சாத்தினார். கறுப்பு மரவட்டை ஒன்று போகிற போக்கில் அதன்மேல் ஏறிப் போயிருக்க வேண்டும். சற்று நேரத்தில் கூடமெல்லாம் பாதாம் வாசனை. வடிவாம்பாள் மகனைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு வில்லை கூடக் கொடுக்காமல் அல்வா தின்கிற அளவுக்கு மனசு கல்லாகிவிட்டதா என்று கேட்டார். மகன் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நாலு கறுப்பு மரவட்டைகள் மல்லாந்து கிடந்தன. கோபம் வந்தால் தட்டை ரகம் விடுகிற விஷக் காற்றுக்கு அப்படி ஒரு மணம். தட்டையும் செத்திருந்தது. மூடிய பெட்டியில் தன் விஷம் தனக்கும் விஷம்தான். அன்று மாலையே கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடித்தார். தட்டை ரகத்தை மறுபடி சேர்க்கவில்லை. தொடாதவரை சாது, தொட்டால் குடித்தனத்தையே முடித்துவிடும் ஆளை ஒண்டுக் குடித்தனத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்மானித்தார்.

இத்தனை சாவுக்கும் பிறகு ஒரு கணக்குக்கு வந்தார். ஈரம், இரை, இடம், கோபம் என்று நாலு பொருத்தம். ஒரே அளவு ஈரம் வேண்டும். ஒரே மாதிரி இரை தின்ன வேண்டும். இடம் என்பது கொஞ்சம் நுணுக்கமானது: மரவட்டை சட்டை உரிக்கும்போது மண்ணுக்குள் ஓர் அறை செய்துகொண்டு அசையாமல் கிடக்கும், அப்போது இன்னொன்று தோண்டிக்கொண்டு வந்து இடித்தால் பிழைக்காது. ஆகவே ஆழத்தில் இருக்கிறதோடு மேலாக இருக்கிறதைத்தான் சேர்க்க வேண்டும், கூட்டமும் சேரக் கூடாது. கடைசிப் பொருத்தம்தான் முக்கியம். பொசுக்கென்று கோபம் வருகிறதற்கு இடம் கிடையாது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு நாலோடு நிறுத்திவிட்டாயே என்று சித்தப்பா கேலி செய்தார்.

"மனுஷாளுக்குப் பத்துல ஆறு தேறினா முகூர்த்தம் வச்சுடறோம். இதுகளுக்கு நாலுல நாலும் தேறணும் சித்தப்பா."

மாந்தோப்புச் சருகில் கிடைத்த ஒரு பழுப்பு ரகம் நாலிலும் தேறியது. மேலாகவே மேயும், கறுப்பு அடியில் கிடக்கும். இரண்டும் ஒரே மட்கிய கட்டையைத் தின்றுகொண்டு ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் வாழ்ந்தன. இந்த ஒற்றுமைக்குப் பின்னால் இருந்த உழைப்பு வெளியே தெரியாது. புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் முதலில் தனிச் சட்டியில் வைப்பார். தினமும் கையில் எடுத்துப் பார்ப்பார். முதல் நாட்களில் எடுக்கும்போதெல்லாம் அது பயந்து மஞ்சளாக ஒரு நீரை விடும். தொட்ட இடம் முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பழுப்பாகும், பிறகு மாதக்கணக்கில் போகாது. புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. கறை போவதில்லை, தோல்தான் போயிற்று. நாளாக நாளாக அவர் கையை அடையாளம் தெரிந்துகொண்டு நீர் விடுவதை நிறுத்துகிறதைப் பெட்டியில் சேர்ப்பார். நிறுத்தாததை மலையடியில் விட்டுவிடுவார். ஆகவே பெட்டியில் இருந்ததெல்லாம் பொறுக்கி எடுத்த சாதுக்கள். அவற்றைப் பொறுக்கிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் போளூர் ஜாதகம் மறுபடி வந்தது. பத்தில் எட்டு தேறியது. இந்த முறை சோமசேகரன் பஸ் ஏறினார்.

போளூரில் ஒரு சிவன் கோயிலில் பூஜை செய்கிறவர் மௌலி குருக்கள். மனைவி இல்லை; மங்களாம்பிகை ஒரே பெண். மௌலி குருக்களுக்கு உலகத்தில் எத்தனையோ விஷயங்களில் அபிப்பிராயம் கிடையாது. புகையிலையில் உண்டு. பொடி போடுகிறவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. சோமசேகரன் வலது கையை நீட்டித் தட்டை வாங்கினார். கூடத்தில் இருந்த எல்லார் கண்ணும் அந்த மூன்று விரல்களுக்குப் போயிற்று. பீடியோ சிகரெட்டோ பல வருஷம் பிடித்த கைக்கு எங்கே கறை இருக்குமோ, சரியாக அங்கே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மௌலி குருக்கள் மழை இந்த வருஷம் பரவாயில்லை என்றார். மழையைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

காபி கொண்டுவந்த மங்களாம்பிகை மட்டும் கேட்டுவிட்டாள்.

"அது என்ன கறை?"

சோமசேகரன் வாயைத் திறப்பதற்குள் அப்பா, உள்ளே போம்மா என்றார். அவள் போய்விட்டாள். கேள்வி அங்கேயே நின்றது.

பத்து நாளில் தரகர் மூலமாகப் பதில் வந்தது. பையன் லட்சணமான பையன், குடும்பம் பெரிய குடும்பம், ஆனால் பழக்கம் சரியில்லை. வடிவாம்பாள் அன்று அடுப்பே மூட்டவில்லை. நல்லவரான சித்தப்பா வந்து, கோபித்துக்கொள்ளாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சோமசேகரனின் வாயை முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் மணம் வந்தது. ஏலக்காய் எதற்குப் போட்டுக்கொண்டாய் என்று அதற்கும் சந்தேகப்பட்டார். தருமன் பிறந்ததிலிருந்து பீடி குடிக்கிறவன். தன் வலது கையை விரித்து எல்லாருக்கும் காட்டினான். தோட்டத்து மண்ணில் தேய்ந்து தேய்ந்து ஒரு கறை இல்லாமல் பளிச்சென்று இருந்தது. இப்படிக் குடிக்கிறவன் விரல் சுத்தமாகவும் குடிக்காதவர் விரல் அழுக்காகவும் இருக்கிற உலகத்தில் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் அப்போது கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

விஷயம் போளூரோடு நிற்கவில்லை. விபூதி வாங்க வருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தப் பேச்சு இருக்கிறவரை வேறு யாரும் பெண் கொடுக்கப் போவதில்லை. பெண் இல்லாவிட்டால் அப்பாவின் முறை இல்லை. முறை இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கப் பிராகாரத்துச் சின்னச் சந்நிதி. எல்லாரும் சொன்ன வழி ஒன்றுதான். பெட்டியை மலையடியில் கவிழ்த்துவிட்டு, கறை மங்குகிறவரை காத்திருந்து, தெற்கே எங்காவது தூரத்தில் வரன் பார்ப்பது. எதற்கும் எதிர்வாதம் செய்யாத சோமசேகரன் இதற்கு மாட்டேன் என்றார். பெட்டிக்காகச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும், பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் சரி என்றார். வடிவாம்பாள் தரகரை மறுபடி போளூருக்கு அனுப்பினார். வந்து கண்ணால் பாருங்கள் என்பது செய்தி. பிரதோஷத்தன்று இங்கே எங்கள் முறை இல்லை, எப்படியும் அண்ணாமலையார் கோயிலுக்கு வருகிறோம், வழியில் எட்டிப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

பிரதோஷத்தன்று மத்தியானம் மௌலி குருக்களும் மங்களாம்பிகையும் வந்தார்கள். தருமன் சருகு மூட்டையோடு தற்செயலாகக் கொல்லைப்புறத்தில் இருந்தான். தற்செயல் என்று அவன் சொன்னது. சோமசேகரன் இந்த நாளுக்காக எதையும் தயார் செய்யவில்லை. ஒரு மரவட்டையை எடுப்பது, அது நீர் விடுவது, கறை படிவது, இவர்கள் பார்ப்பது. இதில் தயார் செய்ய என்ன இருக்கிறது?

கம்பிவலையைத் தூக்கி இருப்பதிலேயே பெரிய கறுப்பை எடுத்து உள்ளங்கையில் விட்டார். அது நிதானமாக மணிக்கட்டு வரை நடந்தது, திரும்பியது, விரல் நுனிவரை வந்து எட்டிப் பார்த்தது. ஒரு சொட்டு நீர் இல்லை. மெதுவாகச் சீண்டினார். மரியாதைக்காகக் கொஞ்சம் சுருண்டுவிட்டு மறுபடி நடந்தது. இன்னொன்றை எடுத்தார். பழுப்பு ரகத்தை எடுத்தார். ஒன்று கூட அவரிடம் பயப்படத் தயாராக இல்லை. வருஷக்கணக்காகக் கோபம் இல்லாததையே தேடித் தேடிச் சேர்த்ததன் பலனை அவர் அந்த நிமிஷத்தில் முழுமையாக அடைந்தார்.

மௌலி குருக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூச்சி நன்றாக இருக்கிறது என்றார்.

"அதுங்களுக்கு உங்க கை பழகிப்போச்சி ஐயரே" என்று கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது. "புது ஆளு யார்னா தொட்டாத்தான் ஆவும். நான் வரட்டா?"

மௌலி குருக்கள் தருமனைத் திரும்பிப் பார்த்தார். அவன் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. அந்தக் கையில் எந்தக் கறை வந்தாலும் அது சோமசேகரனுக்கு எதிரான சாட்சி என்பது எல்லாருக்கும் விளங்கியது. இந்தக் கூத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு நாலரைக்குக் கோயிலில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மௌலி குருக்கள் தன் வலது கையை நீட்டினார்.

"எங்கே, என் கையில விடுங்கோ. பாத்துடலாம்."

"வேண்டாம்பா" என்றாள் மங்களாம்பிகை.

சோமசேகரனும் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதைப் பயம் என்று மௌலி குருக்கள் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு பெரிய கறுப்பையும் தானே மூன்று விரலால் அழுத்தி எடுத்தார். முன்பின் தெரியாத கை, அதுவும் கிடுக்கியாக. அது நாலு சுற்றாகச் சுருண்டு, தன் ஆயுளில் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே தடவையில் விட்டது.

விரல்கள் மஞ்சளாயின. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு ஏறியது.

வடிவாம்பாளுக்கு அந்த மாதிரி உபசாரம் செய்யக் கிடைத்த சந்தர்ப்பம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாங்கோ வாங்கோ என்று மௌலி குருக்களைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், புளி கொடுத்தார், எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தார், சாம்பல் கொடுத்தார். எதுவுமே பிரயோஜனப்படாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தருமன் தண்ணீர் இறைத்து ஊற்றினான்.

கூடத்தில் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவர் நின்றார்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று மங்களாம்பிகை சொன்னாள். பிறகு, எதை எதோடு வைத்திருக்கிறீர்கள், சண்டை வராதா என்று கேட்டாள். அவ்வளவுதான். சோமசேகரன் ஈரத்தில் ஆரம்பித்து இரை, இடம் என்று போய்க் கோபத்தில் முடித்தார். பூரானையும் பாதாம் வாசனையையும் விடவில்லை. எந்தப் பெண்ணிடமும் அவர் அத்தனை வார்த்தை பேசியதில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கள் மாட்டுக் கொட்டகைக் கூரையில் முதுகில் சிவப்புக் கோடு போட்ட ஒரு ரகம் இருக்கிறது, ஓலையிலேயே குடியிருக்கும், சாயங்காலம் வரிசையாக இறங்கும் என்றாள்.

அது சேராது என்றார் சோமசேகரன். கூரை ரகத்துக்கு உலர்ந்த இடம் வேண்டும். இங்கே எல்லாம் ஈரம். முதல் பொருத்தமே இடிக்கிறது.

"அது கீழ எறங்கினாத்தானே ஈரம்? மேல ஒரு மூலையில காஞ்ச ஓலையைக் கட்டிவிட்டா அதுபாட்டுக்கு அங்க இருக்கும். ஒரே வீட்டுல மாடியும் கீழுமா இருக்கறதில்லையா?"

சோமசேகரன் பெட்டியின் மேல் மூலையைப் பார்த்தார். இத்தனை வருஷம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெட்டிக்கு உயரம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கோபம் எப்படி, அந்த ரகத்துக்கு, என்று கேட்டார். தெரியாது, நான் இதுவரை கோபப்படுத்தினதில்லை என்றாள் அவள். சரியாகச் சொன்னால், அவர் கேட்டது எந்த ரகத்தைப் பற்றி என்பதே அப்போது கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

கிணற்றடியிலிருந்து மௌலி குருக்கள் திரும்பி வந்தார். வலது கையை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்திருந்தார். தேய்த்ததில் கறை நன்றாக ஊறி, போன தலைமுறையிலிருந்து விடாமல் புகைத்தவர் கை மாதிரி ஆகியிருந்தது. பலகையில் உட்கார்ந்து கையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலம்பற சோமவாரம். போளூரே வரும். இந்தக் கையால விபூதி குடுக்கணும். கேக்கறவாளுக்கு நான் என்னன்னு சொல்றது?"

சோமசேகரன் கொஞ்சமும் கேலி இல்லாமல் பதில் சொன்னார்.

"மரவட்டைன்னு சொல்லுங்கோ. ஒருத்தரும் நம்ப மாட்டா."

தருமன் கொல்லைப்புறத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். மௌலி குருக்களுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். மங்களாம்பிகை பெட்டியை விட்டு நகராமல் சொன்னாள்:

"இவாளும் கூட நின்னு மூணு விரலைக் காட்டினா நம்புவாப்பா. மாப்பிள்ளைன்னு சொல்லிக் கூட்டிண்டு போனா கேக்கவே மாட்டா."

மௌலி குருக்கள் பெண்ணைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கடைசியாகத் தன் விரலைப் பார்த்தார். வடிவாம்பாள் அதற்குள் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

சோமசேகரன் அன்றிரவே போளூர் போய், மறுநாள் காலையில் மாமனாராகப் போகிறவருக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கையை விரித்துக் காட்டினார். போளூர்க்காரர்கள் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே பழக்கக்காரர்களாக அமைந்தது நல்லதுதான் என்று சமாதானம் ஆனார்கள். முகூர்த்தம் தையில் நடந்தது. மௌலி குருக்கள் கன்னிகாதானம் செய்து கொடுத்த கையில் அப்போதும் கறை முழுதாகப் போகவில்லை. போட்டோவில் கறுப்பு வெள்ளையிலும் தெரியும்.

மாட்டுக் கொட்டகை ஓலையில் ஒரு கற்றை, சீர்வரிசைப் பாத்திரங்களோடு வந்தது. பெட்டியின் மேல் மூலையில் அதைக் கட்டினாள் மங்களாம்பிகை. சிவப்புக் கோடு ரகம் மேலேயே இருந்தது, கறுப்பு அடியிலேயே இருந்தது, பழுப்பு நடுவில் மேய்ந்தது. எண்பதுகளின் பாதிவரை அந்தப் பெட்டி அப்படியேதான் இருந்தது. குஞ்சு பொரித்துத் தலைமுறை கண்டது. மருமகள் வேண்டாம் என்று சொன்னால் என்ற நிபந்தனையை வடிவாம்பாளே ஒரு தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தார். மருமகளுக்குக் காது கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, சுவாமியைத் தொட்டுப் பூஜை செய்ய உரிமை தருகிற ஆச்சார்யாபிஷேகம் ஆகி, சித்தப்பா சந்தோஷமாக முறையைத் திருப்பிக் கொடுத்தார். முதல் முறை நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே சோமசேகரன் பெட்டிப் பக்கம் வரக் கூடாது என்று மங்களாம்பிகை உத்தரவு போட்டாள். சட்டியில் புதிதாக வந்தவற்றை எடுத்துப் பார்க்கிற வேலையை அவளே செய்தாள். அன்று விடியலில் சோமசேகர குருக்கள் கருவறைக்குள் போனபோது விரல்கள் பத்தும் சுத்தமாக இருந்தன. வெளியே பெண்கள் வரிசையில் நின்றவள் விரல்கள்தான் செம்பழுப்பு.

பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இருக்க ரொம்பப் பிரயத்தனப்பட்டார். முடியவில்லை.

"ஏண்டி மங்களம், என்னடி இது? உனக்குமா?"

"ஆமாம் மாமி. ஆத்துக்காரர் விட்டுட்டார், நான் ஆரம்பிச்சுட்டேன்" என்றாள் மங்களாம்பிகை. உள்ளே மணி அடித்தது. திரை விலகியது. அவள் அந்தக் கையையே தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.